மன்னிப்புக் கேட்பதும் மாறி நடப்பதும்

(தசலட்சணப் பருவத்தின் நிறைவையொட்டி நடைபெற்ற க்ஷமாவணி விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவரின் வேண்டுகோளுக்கு இணங்க அவர் பெயர் இங்கு அச்சிடப்படவில்லை.)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசுவோர் ஆகமம் கற்ற பெரியோர். நானோ நிலம் அளந்தவன். அரசுப் பணியில் நில அளவராக இருந்து 2013-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். எனக்குப் பேசத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்று. அதைப் பற்றி இவ்விழாவில் பேசலாமா என்று பொறுப்பாளர்களிடம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்தே இசைவு வந்தது. அந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் என் வீட்டிலும் அதே தயக்கம்தான் குடியிருந்தது.

நான் ஒரு குடிநோயாளன். எட்டு ஆண்டுகளுக்கு முன் குடியை விட்டேன்; இடையில் ஒருமுறை வழுக்கினேன். விட்ட பிறகும் ‘குடிநோயாளன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொள்வது, நான் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் வழக்கம். என் பெயரை மலரில் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அவ்வழக்கம் பற்றியே. இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. என் துணைவியார் முன்வரிசையில் இருக்கிறார். இன்று நான் சொல்லப்போகும் செய்திகளை நேற்றிரவே அவரிடம் படித்துக் காட்டி, இரண்டு இடங்களில் அவர் சொன்ன திருத்தங்களையும் செய்துகொண்டுதான் வந்திருக்கிறேன்.

கள்ளும் ஊனும் தேனும் விலக்குதல் இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம் என்று ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்திருக்கிறார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. நம் வீடுகளில் குழந்தைகள் இவற்றைக் கேட்டு வளர்கிறார்கள். நம் சமூகம் குடியாத சமூகம் என்று ஊரார் சொல்வதைக் கேட்டு நாம் மகிழ்கிறோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு மறுபுறம் உண்டு. நம்மவர் வீட்டில் குடிகாரன் இருக்க முடியாது என்றால், இருந்துவிட்டவனை என்ன செய்வது? மறைக்க வேண்டும். என்னை என் தாயார் மறைத்தார். பிறகு என் துணைவியார் மறைத்தார். எனக்கு ‘அல்சர்’ என்று ஊர் முழுவதும் நம்பியது. ஆலயத்துக்கு நான் வராத நாட்களில் அல்சர் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். பெரியவர் ஒருவர் எனக்காகவே மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் கீரையை என் துணைவியார் ஆய்ந்துகொண்டே அழுததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு மீண்டும் வெளியே போயிருக்கிறேன்.

தொடங்கியது 1986-இல், எனக்கு வயது முப்பத்தொன்று. அளவைக்குப் போகும் இடங்களில் வேலை முடிந்ததும் உபசரிப்பு உண்டு. முதலில் மறுத்தேன், பிறகு மறுப்பது மரியாதையல்ல என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அரசு மதுக்கடைகளால்தான் கெட்டேன் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது 2003-இல். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே நான் தொடங்கிவிட்டேன். அந்தக் கடைகள் என் நடையைக் குறைத்தன, அவ்வளவே.

இனி, இந்த நாளோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் க்ஷமாவணியன்று, இதோ இந்த முன்மண்டபத்தில் நின்று, வருவோர் போவோர் எல்லோரிடமும் நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய்த் துணைவியாரிடமும், மகளிடமும், மகனிடமும் கேட்டிருக்கிறேன். பொய்யாகக் கேட்டதாக நினைவில்லை. கேட்கும் நேரத்தில் கண்ணில் நீர் வரும். கேட்ட மனநிறைவே அன்றிரவு குடிப்பதற்குப் போதிய காரணமாகிவிடும். இப்படி முப்பது க்ஷமாவணி. ஒரு சொல் எத்தனை முறை சொன்னால் தேய்ந்துபோகும் என்பதை என் வீட்டார் அறிவார்கள்.

2016-இல் அப்படி ஒரு விழாநாளில், இனித் தொடுவதில்லை என்று சுவாமி முன் நின்று உறுதி எடுத்தேன். மருத்துவரைக் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. மறுநாள் காலை கை நடுங்கியது. குவளையைப் பிடிக்க முடியவில்லை. உறுதியின் வலிமையால் உடல் அதிர்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். அன்றிரவு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கூடத்தில் விழுந்து கிடந்தவனை மகனும் பக்கத்து வீட்டாரும் தூக்கிச் சென்றார்கள்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த உடல், திடீரென நிறுத்தினால் தாங்காது. மது மூளையின் வேகத்தைத் தாழ்த்தும் பொருள். அதற்கு ஈடுகொடுக்க மூளை தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொண்டிருக்கும். மதுவை ஒரேயடியாக எடுத்துவிட்டால், அந்த விரைவுக்குத் தடையில்லாமல் போகிறது. சில மணி நேரத்திலேயே நடுக்கம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரியும். உயிர் போவதும் உண்டு. மருத்துவமனையில் மாத்திரைகளை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து அந்த வேகத்தைத் தணிப்பார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகச் செலுத்துவார்கள். அந்த வைட்டமின் இல்லாமல் போனதால் நினைவே அழிந்தவர்கள் இருக்கிறார்கள். விரதத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. நீண்ட நாள் குடித்தவர் விரதம் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். போன பிறகு எடுத்துக்கொள்ளட்டும்.

முதுமையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வயது ஏற ஏற உடலில் நீரின் பங்கு குறைகிறது. ஆதலால் முன்பு குடித்த அதே அளவு இப்போது இரத்தத்தில் கூடுதலாக ஏறும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் மருந்துகளோடு அது மோதும். “அறுபதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது” என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். என் கல்லீரலில் அப்போது கொழுப்பு படிந்திருந்தது, தழும்பாக இறுகவில்லை. கொழுப்பு படிந்த கல்லீரல் குடியை நிறுத்தினால் தேறும் என்று மருத்துவர் சொன்னார். தேறியது. தழும்பாகிவிட்டால் பழையபடி ஆகாது. அப்போதும் நிறுத்தினால் மேலும் கெடாமல் காக்கலாம்.

மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தேன். அங்கிருந்துதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அதன் கதை சுருக்கமானது. 1935-இல் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்குத்தரகரும் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாளை அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். மருத்துவர் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் அது. அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் என்னை நிறுத்தின. நம்மால் துன்புற்றவர்களின் பட்டியலை எழுத வேண்டும். அவர்களுக்கு நேரில் ஈடு செய்ய வேண்டும். அவ்வாறு செய்வது அவர்களுக்கே மீண்டும் தீங்காகுமானால் செய்யக் கூடாது. மன்னிப்புக் கேட்பதுதானே, எனக்குப் பழகியது ஆயிற்றே என்று நான் இலேசாக நினைத்தேன்.

பட்டியலில் முதல் பெயர் மகளுடையது.

அவள் திருமணம் 2009-இல் நடந்தது. தந்தை தாரை வார்க்க வேண்டிய நேரத்தில் நான் மண்டபத்தின் பின்னால் ஒரு அறையில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். என் தம்பி தாரை வார்த்தான். சபையோரிடம் வழக்கம்போல அல்சர் என்று சொன்னார்கள். மணமகன் வீட்டார் நல்லவர்கள், நம்பியதுபோல் இருந்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாம் மாதம் மகள் வீட்டுக்குப் போனேன். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். அவள் சமையலறை வாயிலில் நின்று கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “வருஷா வருஷம் கேட்டீங்க அப்பா. இந்த வருஷமும் கேட்டுட்டீங்க. காப்பி குடிக்கிறீங்களா?”

காப்பி குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இவ்வளவு துன்பப்பட்டு விட்டவனுக்கு ஒரு நல்ல சொல் இல்லையா என்று அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பொருமினேன். ஓர் ஓய்வு பெற்ற ஓட்டுநர், என்னைவிட இளையவர், சொன்னார்: “அண்ணே, நீங்க நிலம் அளந்தவரு. ரெண்டு பேரு வரப்புச் சண்டையில நிக்கும்போது, அவங்க வாய்ல சொல்றதையா எழுதிக்குவீங்க?” எழுதிக்கொள்ள மாட்டேன். கல் எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். என் மகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நாம் பத்து நாட்களில் பத்து அறங்களைச் சிந்திக்கிறோம், பொறுமையில் தொடங்குகிறோம். இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பெரியோர் பொறுத்தருள்க. தவறு செய்தவன் தொடங்க வேண்டிய இடம் பொறுமை அன்று. ஆர்ஜவம், அதாவது மனமும் சொல்லும் செயலும் கோணாமல் இருத்தல். பொறுமை எனக்குத் தீங்கு செய்யப்பட்டவர்களின் உடைமை. அவர்கள் அதை எப்போது தருவார்கள், தருவார்களா என்பது அவர்கள் விருப்பம். அதை நான் கை நீட்டிக் கேட்டால், பழைய கடனோடு இன்னொரு கடனையும் கேட்கிறேன் என்று பொருள்.

அதன் பிறகு மகளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. புதன்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன் என்றேன். ஏழு மணிக்கு அழைத்தேன். நான்கு மணிப் பேருந்தில் வருகிறேன் என்றால் நான்கு மணிப் பேருந்தில் இறங்கினேன். இவை சிறிய செய்திகள். சபையில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளாக நான் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. குழந்தையாக இருந்தபோது அவள் படுத்துக்கொண்டே வாயிற்கதவின் ஓசையைக் கேட்பாளாம். கொண்டி விழும் ஓசையை வைத்தே அன்றிரவு எப்படி இருக்கும் என்று கணித்துவிடுவாளாம். இதை அவள் என்னிடம் சொன்னது நான் விட்ட நான்காம் ஆண்டில்.

பேரனை அவள் என்னோடு தனியே விட்டதில்லை. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் வேறு வழியில்லாமல் விட்டுப் போனாள். இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும், “நன்றாக இருக்கிறான், நானும் நன்றாக இருக்கிறேன்” என்றேன். சந்தேகப்படுகிறாளே என்று வருந்துவதற்கு எனக்கு உரிமையில்லை என்பதை அதற்குள் கற்றிருந்தேன். அவள் திரும்பி வந்ததும் முதலில் என் பக்கம் வந்து நின்றாள். வாசனை பார்க்கத்தான். நான் நகராமல் நின்றேன்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் விருப்பம் அது. அவன் கல்லூரியின் முதலாண்டுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை நான் எடுத்துவிட்டேன். ஓராண்டு கழித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து அவனே முன்னுக்கு வந்தான். இப்போது ஓசூரில் இருக்கிறான். என்னோடு மரியாதையாகப் பேசுகிறான். அதற்கு மேல் இல்லை. அதற்கு மேல் வராமலே போகலாம்.

துணைவியாரிடம் வருகிறேன். விட்டுவிட்டு வந்தவனுக்கு வீட்டில் ஆரத்தி எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. ஓய்வூதியம் அவர் கைக்கே போயிற்று. குளியலறைப் பரண், வைக்கோல்போரின் அடி, பழைய அளவைச் சங்கிலி கிடந்த பெட்டி என்று நான் ஒளித்து வைக்கும் இடங்களையெல்லாம் வாரம் ஒருமுறை பார்ப்பார். எனக்கு முன்னாலேயே பார்ப்பார். குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்று ஒரு கூட்டம் உண்டு. ‘அல்-அனான்’ என்பது அதன் பெயர். பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் 1951-இல் உருவாக்கியது. அதற்கு வருமாறு அழைத்தேன். “நோய் உங்களுக்கு, மருந்து எனக்கா?” என்றார். கேள்வி நியாயமானது. சில மாதங்கள் கழித்து அவராகவே போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. அல்சர் என்று பொய் சொன்ன பெண்கள் தம்மைத் தவிரவும் இருக்கிறார்கள் என்பதை அங்கேதான் கண்டதாக ஒருமுறை சொன்னார்.

சென்னையில் 1980-இல் டி.டி.கே. மருத்துவமனையை நிறுவிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். நான் சிகிச்சை பெற்றது வேறோர் இடம்; ஆயினும் குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும் என்பதில் அவர் காட்டிய வழியை இத்துறையில் இருப்போர் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் சமூகம் குடிப்பவனைத்தான் பார்க்கிறது. அவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் எப்படித் தூங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

வழுக்கியதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை பாதி பொய். பதினான்காம் மாதத்தில், என் தம்பி திடீரென இறந்தான். எனக்குப் பதிலாகத் தாரை வார்த்த அதே தம்பி. காரியம் முடிந்த மறுநாள் குடித்தேன். மூன்று நாள் குடித்தேன். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபோது துணைவியார் சத்தம் போடவில்லை. திண்ணையில் என் துணிப்பையை எடுத்து வைத்திருந்தார். அதற்குள் மருத்துவமனைச் சீட்டும் பேருந்துக்குப் பணமும் இருந்தன. “போயிட்டு வாங்க” என்றார். அந்தச் சொல்லில் ‘வாங்க’ என்று இருந்ததைப் பிடித்துக்கொண்டுதான் நான் போனேன். இதைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். நேற்றிரவுத் திருத்தங்களில் ஒன்று.

இன்னொரு திருத்தம் சங்கிலியைப் பற்றியது. அவருடைய இரட்டை வடச் சங்கிலி அடகுக்கடையில் ஏலம் போயிற்று. மாதம் 2,000 ரூபாயாக ஆறு ஆண்டுகள் சேர்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் மனமுவந்து சங்கிலி வாங்கிக்கொண்டார் என்று நான் எழுதியிருந்தேன். “பொய் எதற்கு?” என்றார். வாங்கவில்லை. அந்தப் பணத்தை மகனின் வீட்டுக்கடனுக்குக் கொடுத்துவிட்டார். சங்கிலி அவர் தாய்வீட்டுச் சங்கிலி. வேறொன்று அதற்கு ஈடாகாது. எல்லாவற்றுக்கும் ஈடு உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லாதவையும் உண்டு.

சாவிக்கொத்து இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது. எந்த நாளில் அங்கே மாட்டினார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தேன்; இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் மகள் இன்றுவரை மன்னித்தேன் என்று சொன்னதில்லை. சென்ற மாதம் பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு பதினொரு மணிக்கு அழைத்து, “அப்பா, காலையில முதல் பஸ்ஸுக்கு வர முடியுமா?” என்றாள். வந்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவள், “சரி, அப்ப நான் தூங்கறேன்” என்றாள்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். இந்தக் கூட்டத்திலும், வர வெட்கப்பட்டு வீட்டில் இருப்போரிலும், நான் இருந்த நிலையில் ஒருவர் இருக்கலாம். என் துணைவியார் இருந்த நிலையில் ஒருவர் கட்டாயம் இருப்பார். எழுந்து நிற்க வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். பிற்பகல் அபிடேகம் முடிந்த பிறகு, மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நான் ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பேன். பெண்கள் பேச விரும்பினால் என் துணைவியார் மடைப்பள்ளித் திண்ணையில் இருப்பார். ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு எந்தப் பேருந்தில் போவது, எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். வாங்கிக்கொண்டு பேசாமல் போனாலும் சரி. யாரும் வராவிட்டால் ஆறு மணிக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம்.